நான் பார்த்ததாகச் சொன்ன முகம்: கண்ணால் கண்ட சாட்சியை எவ்வளவு நம்பலாம்?

பதிவு 1: அஞ்சடி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கான காரணம் கீழே படிக்கும்போது விளங்கிவிடும். 1979ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது. ஒருநாள் இரவு, ஸ்டோரில் அடுக்கி வைத்திருந்த ஒட்டுப்பால் மூட்டைகளைத் திருட வந்தவர்கள் காவலுக்கு இருந்த ஜாகாக்காரரின் மண்டையை உடைத்துவிட்டுப் போனார்கள். சிறுநீர் கழிக்க எழுந்து வந்த நான் எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தின் அஞ்சடியில், அதாவது முன் தாழ்வாரத்தில், நின்றபடி ஓர் ஆள் சைக்கிளில் மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். ஸ்டோருக்கு முன்னால் இருந்த விளக்குக் கம்பத்தின் அடியில் அவர் ஒருமுறை திரும்பினார். நாலாம் வீட்டு அண்ணனின் முகம்.

மறுநாள் காலையில் போலீஸ்காரர்களிடம் அதைச் சொன்னேன். அண்ணனை அழைத்துப் போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். திருட்டு நடந்த அன்று சாயங்காலமே அவர் தம் தாயாரை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, இரவு முழுவதும் அங்கேயே இருந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. வார்டில் இருந்த தாதியர் இருவர் அதை உறுதிப்படுத்தியதால் விட்டுவிட்டார்கள். உண்மையில் வந்தவர்கள் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் இத்தனை ஆண்டுகளாக என்னை உறுத்துகிறது. அவர் அங்கே இல்லை என்று தெரிந்த பிறகும், கண்ணை மூடினால் அந்த விளக்கும், சைக்கிளின் பின்சக்கரமும், திரும்பிய அந்த முகமும் வரிசை மாறாமல் வருகின்றன. பார்க்காத முகம் எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட சாட்சியை நீதிமன்றங்கள் எப்படி எடைபோடுகின்றன? தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2: பழைய மொழிபெயர்ப்பாளர்

நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

நம் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, எந்த வழக்கிலும் ஓர் உண்மையை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் தேவை என்ற கணக்கு கிடையாது என்று சொல்கிறது. நம்பத்தக்க ஒரே ஆள் சொன்னாலும் போதும். அதனால்தான் அந்த ஒருவரின் சொல்லை எப்படி எடைபோடுவது என்ற கேள்வி அவ்வளவு கனமானது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976இல் டர்ன்புல் வழக்கில் வகுத்த நெறிகளை நம் நீதிமன்றங்களும் பின்பற்றி வருகின்றன: எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், நடுவில் ஏதேனும் மறைத்ததா, முன்பே பழகிய முகமா, அந்த ஆளை நினைவில் வைத்துக்கொள்ளத் தனிக் காரணம் உண்டா, பார்த்ததற்கும் போலீஸிடம் அடையாளம் சொன்னதற்கும் இடையே எத்தனை நாள், முதலில் சொன்ன அடையாளத்துக்கும் நேரில் நிற்கும் ஆளுக்கும் வேறுபாடு உண்டா. 1995இல் ஜூரி முறை நம் நாட்டில் எடுக்கப்பட்டுவிட்டதால், இந்த எச்சரிக்கையை நீதிபதி தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் கதையைப் பொறுத்தவரை அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் முக்கியமானது. அந்நியரை அடையாளம் காட்டுவதைவிடத் தெரிந்தவரை அடையாளம் சொல்வது பொதுவாக நம்பகமானது என்றாலும், நெருங்கிய உறவினரையும் நண்பரையும் அடையாளம் காண்பதில்கூட மனிதர்கள் தவறுவதுண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும் என்கிறது அது. தோட்டத்து வழக்குகளில் இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். "பிறந்ததிலிருந்து பார்த்த முகம் ஐயா, எனக்குத் தெரியாதா?" என்று சாட்சி கேட்டால் கூண்டுக்கு வெளியே இருப்பவர்கள் எல்லாம் தலையாட்டுவார்கள். காவாட் சாம் என்று நாம் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கும் இங்கே வேலையில்லை. பெயரைச் சொல்லி ஆளைக் காட்டிய பிறகு அவரை வரிசையில் நிறுத்தி என்ன பயன்?

என் வேலையை ஒட்டி ஒன்று சொல்ல வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி போலீஸார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தைச் சாட்சி பேசிய மொழியிலேயே அவருக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் கையொப்பமோ கைநாட்டோ வாங்க வேண்டும். ஆனால் சாட்சி தமிழில் பேசுவார், எழுதப்படுவது மலாயில். "லாரி என்னை உரசிட்டுப் போச்சு" என்பவரும், "இடிச்சிருச்சு" என்பவரும், "அடிச்சுத் தூக்கிருச்சு" என்பவரும் தாளில் ஒரே மலாய்ச் சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள்: லங்கார், அதாவது மோதியது. நாம் பொதுவாகக் கத்தி என்று சொல்வதை எழுதுகிறவர் பீசாவ், அதாவது சின்னக் கத்தி, என்று எழுதுவார். எட்டு மாதம் கழித்து நீதிமன்றத்தில் "எவ்வளவு பெரிய கத்தி?" என்று கேட்டதும் சாட்சி கையை விரித்துக் காட்ட, அது பாராங்கு என்ற வெட்டுக்கத்தி ஆகிவிடும். உடனே வழக்கறிஞர் எழுந்து, சாட்சியின் நினைவு மாறிவிட்டது என்பார். நினைவு மாறவில்லை, மொழி மாறியது என்று சொல்ல மொழிபெயர்ப்பாளனுக்கு உரிமை கிடையாது. அண்டை வீட்டுக்காரரை "அண்ணன்" என்று சொன்ன ஒரு பெண்மணியிடம், "உன் சொந்தச் சகோதரனுக்கு எதிராகவா சாட்சி சொல்கிறாய்?" என்று கேட்ட அதிகாரி ஒருவரையும் பார்த்திருக்கிறேன்.

பதிவு 3: தைப்பிங்காரி

மொழிபெயர்ப்பாளர் ஐயா சொன்ன லங்கார் உதாரணத்தைப் படித்ததும் வகுப்பில் இனி அதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் அமெரிக்காவில் 1974இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதையேதான் சோதித்தது. கார் விபத்துப் படங்களை மாணவர்களுக்குக் காட்டி, கார்கள் ஒன்றையொன்று "தொட்டபோது" எவ்வளவு வேகத்தில் போயின என்று சிலரிடமும், "நொறுங்க மோதியபோது" எவ்வளவு வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். முன்னவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்கு 31.8 மைல், பின்னவர்கள் சொன்னது 40.8. அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "நொறுங்க மோதிய" என்ற கேள்வியைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். சாதாரணமாக "இடித்தபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் அப்படிச் சொன்னார்கள். அந்தப் படத்தில் கண்ணாடி எதுவும் உடையவே இல்லை.

நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்து எடுக்கும் பொருள் அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும், கையில் இருக்கும் துண்டுகளையும் அதன் பிறகு கேட்டவற்றையும் சேர்த்து மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. கட்டுகிறவருக்கே எந்தத் துண்டு எப்போது வந்து சேர்ந்தது என்பது தெரியாது. டோனல்ட் தாம்சன் என்ற ஆஸ்திரேலிய உளவியலாளருக்கு 1970களில் நேர்ந்தது இதற்குச் சரியான சான்று. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் அவரைத்தான் குற்றவாளி என்று அடையாளம் காட்டினார். குற்றம் நடந்த நேரத்தில் தாம்சன் தொலைக்காட்சி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். தாக்கப்படுவதற்குச் சற்று முன்பு அந்தப் பெண் அதே நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திரையில் இருந்த முகம் போய்க் குற்றத்தில் ஒட்டிக்கொண்டது. முகம் உண்மையானது, இடம்தான் தவறு.

அண்ணா, உங்களிடம் இரண்டு கேள்விகள். அன்று பகலில் நாலாம் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா? அவருடைய பெயரை முதலில் சொன்னது நீங்களா, வேறு யாராவதா?

பதிவு 4: அஞ்சடி

இரண்டாவது கேள்வியைப் படித்துவிட்டு நெடுநேரம் கணினியின் முன் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அன்று மத்தியானம் என் சைக்கிளின் சங்கிலி கழன்றபோது அதை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். அதன் பிறகுதான் ஈப்போவுக்குப் பேருந்து ஏறியிருக்கிறார். பெயர் விஷயம்: காலையில் போலீஸ்காரர் கேட்டபோது, "ஓர் ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்" என்று மட்டும்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கும் கங்காணி, "உயரமா இருந்தானா? நாலாம் வீட்டுப் பையன் மாதிரியா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். போலீஸ்காரர் என் தலையைத் தடவி, "கெட்டிக்காரன்" என்று சொல்லி, கடையில் ஒரு போத்தல் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தார். அதைப் பாதிதான் குடித்தேன். மீதியைத் தங்கையிடம் கொடுத்தேன். மண்டோருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஏற்கெனவே ஆகாது என்பதைப் பெரியவனான பிறகுதான் அறிந்தேன்.

பதிவு 5: தைப்பிங்காரி

அந்த ஆரஞ்சுப் போத்தலும் சும்மா வந்ததல்ல. கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், தவறான ஆளைக் காட்டிய சாட்சிகளிடம் "நல்லது, சரியான ஆளைக் காட்டினீர்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள், கேட்காதவர்களைவிட, தங்களுக்கு அப்போதே உறுதியாகத் தெரிந்தது என்றும், முகத்தை நன்றாகவே பார்க்க முடிந்தது என்றும் சொன்னார்கள். பார்த்த காட்சி மாறவில்லை. பார்த்ததைப் பற்றிய நினைவு மட்டும் பின்னோக்கித் தெளிவடைந்துவிட்டது. அடையாள அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்கே சந்தேக நபர் யாரென்று தெரியக்கூடாது என்று ஆய்வாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பதிவு 6: கருப்பு அங்கி

இந்த இழையின் போக்கு எனக்குக் கொஞ்சம் அச்சமாக இருக்கிறது. குற்றவியல் வழக்குகளை நடத்துகிறவன் என்பதால், தவறான அடையாளம் என்னென்ன செய்யும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கேமராவும் மரபணுச் சோதனையும் இல்லாத இடத்தில் ஏழையிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அவன் கண்தான். அதையும் "உளவியல் அப்படிச் சொல்கிறது" என்று தள்ளிவிட்டால் பயன் யாருக்குப் போகும்?

பத்தாங் காலியை நினைத்துப் பாருங்கள். 1948 டிசம்பரில் சுங்கை ரெமோக் ரப்பர் தோட்டத்தில் ஆயுதமில்லாத 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடியதால் சுட்டோம் என்பதே அரசு சொன்ன கணக்கு. குடும்பப் பெண்களும் உயிர் பிழைத்தவரும் வேறு சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் படையிலேயே இருந்த சிலர், ஓடினார்கள் என்பது உண்மையல்ல என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். அதன்மேல் தொடங்கிய விசாரணையும் 1970இல் கைவிடப்பட்டது. பொது விசாரணைக்கு உத்தரவிட முடியாது என்று 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே தவறியது கண்டவர்களின் நினைவா, கேட்க வேண்டியவர்களின் காதா?

இன்னொன்று: பன்னிரண்டு வயதுப் பையன் சொல்லை வைத்து யாரையும் தண்டித்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். சத்தியப் பிரமாணம் இல்லாமல் சின்னக் குழந்தை சொல்லும் சாட்சியம், வேறு ஆதாரத்தின் துணையின்றித் தண்டனைக்குப் போதாது என்று சாட்சியச் சட்டத்தின் 133ஏ பிரிவு அப்போது சொன்னது. தண்டிக்கத்தான் முடியாது; மூன்று நாள் உள்ளே வைக்க முடிந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பதிவு 7: தைப்பிங்காரி

வழக்கறிஞர் ஐயாவின் அச்சம் நியாயமானது. ஆனால் நாம் இரண்டு வேறு நினைவுகளைப் பற்றிப் பேசுகிறோம். பத்தாங் காலியில் ஆண்களைத் தனியாகப் பிரித்து அழைத்துப் போனார்கள், யாரும் ஓடவில்லை என்பது என்ன நடந்தது என்பதைப் பற்றிய நினைவு. பலர் தனித்தனியே கண்டதும், சுட்ட தரப்பினரில் சிலரே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டதும் அதற்குப் பலம் சேர்க்கின்றன. அப்படிப்பட்ட நிகழ்வின் உடல் எளிதில் கலையாது. இருட்டில் சில நொடி பார்த்த ஓர் ஆள் யார் என்பது வேறு வகை. ஆயுதம் கையில் இருந்தால் கண் அதிலேயே நிற்கும், முகம் பதியாது. வேற்றினத்தவர் முகங்களை வேறுபடுத்துவதில் நாம் எல்லோருமே பலவீனமானவர்கள். மூன்று இனங்கள் அடுத்தடுத்து வாழும் நம் ஊருக்கு இது முக்கியம்.

உறுதியைப் பற்றிச் சொல்லும்போது வட கரோலைனாவின் ஜெனிஃபர் தாம்சனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1984இல் வன்முறைக்கு ஆளானபோது, தப்பித்தால் இவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த முகத்தின் ஒவ்வோர் அம்சத்தையும் வேண்டுமென்றே மனத்தில் பதித்துக்கொண்டவர் அவர். நெடுநேரம் யோசித்துத்தான் புகைப்படங்களில் ரானல்ட் காட்டனைத் தேர்ந்தெடுத்தார். பிறகு நேரில் நிறுத்திய வரிசையிலும் அவரையே காட்டினார். புகைப்படங்கள், வரிசை ஆகிய இரண்டிலும் இருந்தவர் காட்டன் ஒருவர்தான் என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. உண்மைக் குற்றவாளியான பாபி பூலை 1987இல் மறுவிசாரணையின்போது ஜெனிஃபரின் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவரைப் பார்த்ததே இல்லை என்றார். காட்டனின் முகம் அதற்குள் பூலின் முகத்தை அழித்துவிட்டது. 1995இல் மரபணுச் சோதனை வந்த பிறகுதான் காட்டன் வெளியே வந்தார். அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் விடுவிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் பத்துக்கு ஏழு அளவில் தவறான அடையாளம் காணப்படுகிறது.

எனவே கண்ணால் கண்டவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. யாரும் பெயர் சொல்வதற்கு முன், கடையிலும் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலும் கதை பேசுவதற்கு முன், அவர்கள் வாயால் வந்ததை வந்தபடியே எழுதி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். முதல் வாய்ச்சொல்லில் உறுதி எவ்வளவு இருந்தது என்பதையும் கூடவே எழுத வேண்டும். பிறகு வரும் உறுதி வேறு கணக்கு.

பதிவு 8: பழைய மொழிபெயர்ப்பாளர்

வந்ததை வந்தபடியே என்று சொன்னீர்களே டீச்சர், அது தமிழிலேயே எழுதப்பட வேண்டும் என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்ய ஒரு நிமிடம் போதும். "ஓர் ஆள்" என்று பையன் சொன்னது எங்கேயாவது பதிவாகியிருந்தால், நாலாம் வீட்டார் அந்த மூன்று நாளைக் கழித்திருக்க மாட்டார்கள்.

பதிவு 9: கிராணி மகன்

நான் அந்த வட்டாரத்திலேயே வேறொரு தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா தோட்டத்துக் கணக்கரான கிராணியாக இருந்தார். உளவியல் எனக்குத் தெரியாது. ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் இருக்கிறது, அண்ணன் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் அரசு மின் வாரியமான எல்.எல்.என். கொடுக்கும் மின்சாரம் கிடையாது. ஆலையில் ஒரு ஜெனரேட்டர் ஓடும். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு துரை பங்களாவைத் தவிர எங்கும் மண்ணெண்ணெய் விளக்குத்தான். நீங்கள் சிறுநீர் கழிக்க எழுந்தது நடு இரவாக இருந்தால், ஸ்டோருக்கு முன்னால் விளக்கு எப்படி எரிந்தது? உங்கள் தோட்டத்தில் ஏற்பாடு வேறாக இருந்திருக்கலாம்.

பதிவு 10: அஞ்சடி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். தம்பி கேட்டதைத் தங்கையிடம் தொலைபேசியில் கேட்டேன். அவள் இப்போது பாரிட் புந்தாரில் இருக்கிறாள். எங்கள் தோட்டத்திலும் பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும் என்றாள். அது எனக்கும் தெரிந்ததுதான். சிம்னிக் கண்ணாடியைத் துடைப்பது என் வேலையாக இருந்தது. ஸ்டோருக்கு முன்னால் கம்பம் நட்டது அவள் பெரிய பிள்ளையான பிறகு, 1983 வாக்கில், லயத்துக்கு லைன் இழுத்தபோதுதானாம். கம்பம் நட வந்தவர்களுக்கு அம்மா தேநீர் போட்டுக் கொடுத்தது அவளுக்கு நினைவிருக்கிறது.

அவளுடைய நினைவையும் நான் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது இந்த இழையைப் படித்த பிறகு எனக்குத் தெரியும். அதனால் எங்களோடு இருந்த பெரியவர் ஒருவரையும் கேட்டேன். தங்கை சொன்னதை அவரிடம் சொல்லாமல், எங்கள் லயத்துக்கு மின்சாரம் எப்போது வந்தது என்று மட்டும் கேட்டேன். சம்பவம் நடந்து சில வருடங்கள் கழித்துத்தான் என்று அவரும் சொன்னார். ஆக, அந்த இரவில் நிலவு இருந்திருந்தால் ஓர் உருவமும் சைக்கிளும் தெரிந்திருக்கும். அஞ்சடியிலிருந்து ஸ்டோர் நாற்பது, ஐம்பது அடி தள்ளி. முகம் தெரிந்திருக்க வழியில்லை.

இத்தனையும் எழுதிய பிறகு, சோதித்துப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். கம்பம் இருக்கிறது, விளக்கைச் சுற்றி ஈசல்கூடப் பறக்கிறது.

நாலாம் வீட்டு அண்ணன் இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். ஆடித் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துக் கோயிலுக்கு வருடம் தவறாமல் வருவார். என்னைப் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பார், அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. இந்த ஆண்டு மண்டோர் கேட்ட கேள்வியையும் கம்பம் நட்ட வருடத்தையும் அவரிடம் சொல்லப் போகிறேன்.